பள்ளிக்கூடம் தேடப் போய்ப் பிடிபட்ட கதை

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. அப்போது மதுரை கே.கே. நகரில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தோம். என் மகள் ஐந்தாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். அவள் படித்த பள்ளியில் அதற்கு மேல் வகுப்பு இல்லை. ஆறாம் வகுப்புக்கு எங்கே சேர்ப்பது என்பதுதான் மாசி மாதம் முழுக்க எங்கள் வீட்டில் பேச்சு.

என் வீட்டுக்காரர் இன்சூரன்ஸ் ஆபீசில் கிளார்க். அவருடைய ஆபீசர் தன் பையனை ஒரு தனியார் பள்ளியில் சேர்த்திருந்தார். பத்தாம் வகுப்பில் ஒரு பிள்ளைகூடப் பெயிலாகாத பள்ளி அது. "ரிசல்ட்டப் பாரு, அதுக்கு மேல என்ன வேணும்?" என்பார் இவர். எதிர்வீட்டு அக்காவுக்கு வேறு கணக்கு. அவர் பையன் டையும் ஷூவும் போட்டுக்கொண்டு இங்கிலீஷ் மீடியம் போகிறவன். "தமிழ் மீடியத்துல போட்டுப் பிள்ளையக் கெடுத்துராத, ஆமா சொல்லிட்டேன்" என்று குழாயடியில் பார்க்கும்போதெல்லாம் எச்சரிப்பார்.

நான் உசிலம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் மாடு வாங்கப் போனால் தரகர் சொல்வதை யாரும் காதில் வாங்க மாட்டார்கள். மாட்டை நடக்கவிட்டுப் பார்ப்பார்கள், பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். இங்கே என்னடாவென்றால், ஆளாளுக்குப் பள்ளிக்கூடத்தின் பெருமையைப் பேசுகிறார்களே தவிர, அங்கே படிக்கிற பிள்ளைக்கு என்ன தெரியும் என்று ஒருவரும் சொல்லவில்லை. சரி, பிள்ளைகளையே கேட்டுவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டால்தானே நியாயம்? அன்று காலை தயிருக்கு உறை ஊற்றிக்கொண்டிருந்தபோது கேள்வி கிடைத்தது. பாலில் ஒரு சொட்டு மோர் விட்டால் ஏன் தயிராகிறது? தினமும் வீட்டில் நடக்கிற காரியம். எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். பதில் சொல்கிற பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்று ஒயர் கூடையில் ஒரு பொட்டலம் ஆரஞ்சு மிட்டாயும் வாங்கிப் போட்டுக்கொண்டேன். அந்த மிட்டாய்தான் பிறகு என்னைப் பாடாய்ப் படுத்தியது.

முதலில் எதிர்வீட்டு அக்காவின் பையன் படிக்கிற பள்ளி. சாயந்திரம் பள்ளி விட்டதும் பஸ் ஸ்டாப்பில் நின்ற ஒரு பெண்ணிடம் கேட்டேன். அவள் மரியாதையாக, அழகான இங்கிலீஷில், அது தங்கள் பாடப் போர்ஷனில் இல்லை என்றாள். பக்கத்தில் நின்றவளும் அதையே சொன்னாள். அந்த இங்கிலீஷைக் கேட்டு எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பால் பாலாகவே நின்றுவிட்டது.

மறுநாள் ஆபீசர் வீட்டுப் பிள்ளை படிக்கிற பள்ளி. அங்கே ஒரு பையன், கேள்வியை முடிப்பதற்குள் ஆரம்பித்துவிட்டான். நுண்ணுயிர்கள் என்பவை வெறும் கண்ணால் காண இயலாத... என்று மூச்சு விடாமல் ஒரு பக்கம் ஒப்பித்தான். எனக்கு மலைப்பாக இருந்தது. "சரிப்பா, அதுக்கும் தயிருக்கும் என்ன சம்பந்தம்?" என்றேன். மறுபடி முதலில் இருந்து ஒப்பித்தான். பாவம் என்று இரண்டு மிட்டாய் கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்றாவது பள்ளி என் திட்டத்திலேயே இல்லை. செல்லூரில் தறி போடுகிற ஒருவர் வீட்டில் சேலை மலிவாகக் கிடைக்கும் என்று அந்த வாரம் போயிருந்தேன். திரும்பும்போது பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போது பக்கத்துச் சந்திலிருந்து தாவணி போட்ட பெண்கள் கும்பலாக வந்தார்கள். அங்கேயும் ஒரு தனியார் உயர்நிலைப் பள்ளி இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். ஓட்டுக் கட்டடம், போர்டில் பாதி எழுத்தைக் காணோம். வாய் சும்மா இருக்கவில்லை. இரட்டைச் சடை போட்ட ஒரு பெண்ணிடம் அதே கேள்வியைக் கேட்டேன்.

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "தெரியலையே அத்தை" என்றாள். உடனே, "நாளைக்கு எங்க டீச்சர்ட்ட கேட்டுட்டு வாரேன். நீங்களும் இங்க வாரீகளா?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சரி என்று தலையாட்டிவிட்டு பஸ் ஏறினேன். போக வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனாலும் மறுநாள் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அந்தப் பிள்ளை வந்து காத்திருந்தால்? மூன்று மணிக்கே சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நான் பஸ்ஸை விட்டு இறங்கி நின்ற கொஞ்ச நேரத்தில் பள்ளி மணி அடித்தது. சந்திலிருந்து ஒரு பட்டாளமே என்னைப் பார்த்து ஓடி வந்தது. முன்னால் அந்த இரட்டைச் சடை. வந்த வேகத்தில் என் கையைப் பிடித்து, "வாங்கத்தை, வந்து பாருங்க" என்று இழுத்தாள். நான் விழாமல் இருக்க அவள் கையை இறுக்கிப் பிடித்தேன். பஸ் ஸ்டாப்புக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவருக்கு அது எப்படித் தெரிந்ததோ, கையில் டீ வடிகட்டியோடு ஓடி வந்துவிட்டார்.

"யாரும்மா நீ? நேத்தும் பாத்தேன், இன்னிக்கும் வந்து பிள்ளைகளச் சுத்திக்கிட்டு நிக்கிற?"

அப்போது ஊரில் பிள்ளை பிடிக்கிறவர்கள் நடமாடுவதாக ஒரு வதந்தி. "இல்லண்ணே, ஒரு கேள்வி கேக்க வந்தேன்" என்றேன்.

"என்ன கேள்வி?"

"பால் ஏன் தயிராகுதுன்னு..."

அந்த இடத்தில் அதை விடச் சந்தேகமான பதில் வேறு எதுவும் இருந்திருக்க முடியாது. சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. யாரோ ஒருவர் என் கூடையை எட்டிப் பார்த்தார். "அண்ணே, இம்புட்டு மிட்டாய் வச்சிருக்குண்ணே!" என்று கத்தினார். அவ்வளவுதான். பிள்ளைகள் ஏதேதோ கத்திச் சொன்னார்கள். ஒருவர் காதிலும் அது ஏறவில்லை. "நட, பெரிய டீச்சர்ட்ட போவோம், பெறகு போலீசு" என்று என்னை நடுவில் விட்டு ஊர்வலமாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டால் வீட்டுக்காரர் ஆபீசில் தலைகாட்ட முடியுமா, மகள் தேடுவாளே என்று நினைத்ததுமே கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

தலைமையாசிரியை வீட்டுக்குக் கிளம்பிக் குடையோடு வாசலில் நின்றிருந்தார். கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "முதல்ல உக்காருங்கம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் பாதி உயிர் வந்தது.

அதற்குள் இரட்டைச் சடைக்காரி கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே வந்துவிட்டாள். "டீச்சர், இவுகதான் டீச்சர் அந்தத் தயிர் அத்தை! நாந்தான் வரச் சொன்னேன். கையப் பிடிச்சு இழுத்ததும் நாந்தான்!"

உள்ளேயிருந்து இன்னொரு டீச்சர் எட்டிப் பார்த்தார். அறிவியல் டீச்சராம். "நீங்கதானா அது? காலையில இருந்து என் வகுப்பு ஒரே பால் வாடை" என்று சிரித்தார். நடந்தது இதுதான். காலையில் இந்தப் பெண் எழுந்து என் கேள்வியைக் கேட்டிருக்கிறாள். டீச்சர் பதிலைச் சொல்லிவிட்டு, செய்தே பார்த்துவிடுவோம் என்று டீக்கடையிலிருந்து பால் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்.

டீக்கடைக்காரர் முகம் மாறியது. "காலைல பிள்ளைக வந்து பால் கேட்டது இதுக்கா? யாருக்கோ வயித்துவலின்னுல்ல நெனச்சேன்!"

என்னை வகுப்புக்குக் கூட்டிப் போனார்கள். கூட்டமும் பின்னாலேயே வந்தது. ஜன்னல் மேடையில் மூன்று டம்ளர். கொதிக்கக் கொதிக்க இருந்த பாலில் உறை விட்டது ஒன்று, வெதுவெதுப்பான பாலில் விட்டது ஒன்று, உறையே விடாதது ஒன்று. நடு டம்ளர் மட்டும் கெட்டியாக உறைந்திருந்தது. உறை மோரில் இருக்கிற கிருமிகள் பாலைப் புளிக்க வைப்பதையும், கொதிக்கிற பாலில் அவை செத்துப்போவதையும் அந்தப் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். பாடப் புத்தகத்துத் தமிழ் இல்லை, செல்லூர்த் தமிழ். "அம்புட்டும் செத்துப் போகுமா?" என்று என்னைப் பிடித்து வந்தவரில் ஒருவர் ஆச்சரியமாகக் கேட்டார்.

தலைமையாசிரியை என்னிடம் மெதுவாக, "உங்களுக்கு விடை முன்னாலேயே தெரியுமா?" என்றார்.

"தெரியாது டீச்சர். இப்பத்தான் தெரியும்" என்றேன். அவர் குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

மகளுக்குப் பள்ளி தேடுவதைச் சொன்னேன். மற்ற இரண்டு பள்ளிகளில் கிடைத்த பதிலையும் சொன்னேன். தன் பள்ளியை உயர்த்திப் பேச அதைவிட நல்ல நேரம் அவருக்குக் கிடைத்திருக்காது. ஆனால் அவர் சொன்னது வேறு.

"ஒரு டம்ளர் தயிர வச்சு முடிவு பண்ணிராதீங்கம்மா. அந்த இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக மேடையேறி இங்கிலீஷ் பேசும், எங்க பிள்ளைக ஒண்ணு முதுகுக்குப் பின்னால ஒண்ணு ஒளியும். ரிசல்ட்டும் எங்களுக்கு அந்த இன்னொரு பள்ளிக்கூடத்து அளவுக்கு இல்ல. வருஷா வருஷம் கணக்குல சில பேர் கோட்டை விட்டுர்றாங்க. இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டுச் சேக்கிறதுன்னா சேருங்க."

தன் பள்ளியின் குறையைத் தானே சொன்ன ஒரே ஆளை நான் அங்கேதான் பார்த்தேன். மனசுக்குள் அப்போதே முடிவாகிவிட்டது.

டீக்கடைக்காரர் என்னை விடவில்லை. "தங்கச்சி, கோவிச்சுக்கிறாத" என்று சொல்லி ஏலக்காய் போட்டு ஒரு டீ கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டு, என் கூடையைப் பார்த்து, "அந்த மிட்டாய்ல ஒண்ணு குடு" என்றார். மிச்சத்தைப் பிள்ளைகள் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் வீட்டுக்காரர் கட்டிலில் உருண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும், "அதுக்காக உன்னையப் பிடிச்சு வச்ச பள்ளிக்கூடத்துலயா சேக்கிறது?" என்று கேட்டார். இரண்டு நாள் பேச்சு வார்த்தை சரியில்லை. பிறகு அவரே ஒரு மத்தியானம் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தார். பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டு, "நீங்க தயிர் அத்தை வீட்டுக்காரரா? கேள்வி எதுவும் இருக்கா?" என்றார்களாம். திரும்பி வந்தவர், "சேத்துருவோம்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

மகள் அங்கேதான் பத்தாவது வரை படித்தாள். தலைமையாசிரியை சொன்னது அத்தனையும் உண்மை. இங்கிலீஷ் சுமார்தான். தினமும் காலையில் இங்கிலீஷ் பேப்பரை உரக்கப் படிக்கச் சொல்லி நானும் அவளும் தப்புத் தப்பாக உச்சரித்துத் தேற்றினோம். வேடிக்கை என்னவென்றால், அவளுக்கு அறிவியலே பிடிக்கவில்லை. காமர்ஸ் படித்து பாங்க் வேலைக்குப் போனாள். எதிர்வீட்டு அக்காவின் பையனும் நன்றாகப் படித்து இன்ஜினியரானான். ஆகவே எந்தப் பள்ளியையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று. அதற்கு முன்பெல்லாம் படித்தவர்கள் கூடும் இடத்தில் எனக்குப் புரியாத பேச்சு வந்தால், புரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இப்போது பேரப்பிள்ளைகள் முன்னால்கூட, "எனக்குத் தெரியலப்பா, கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று சொல்ல எனக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. அப்படிச் சொன்னால் ஒன்றும் குறைந்துவிடாது என்பதை, அன்றைக்குச் செல்லூரில் அந்தப் பெண்ணிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன்.