பதினாறு வீட்டுக்கும் ஒரே நைனா

ஆர்.கே.பேட்டைப் பேருந்தில் தொங்கிக்கொண்டிருந்தபோது சுசீலா டீச்சரின் மகள் போனில் சொன்னாள்: "காபில சர்க்கரை கம்மின்னாங்க சார். எடுத்துகினு வர்றதுக்குள்ள போய்ட்டாங்க." படுக்கையில் கிடக்காமல், குறை சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். அவரை அறிந்த உங்களுக்கும் அது நிம்மதியாகத்தான் இருக்கும்.

எனக்கு இன்னொரு நிம்மதியும் வந்தது, கொஞ்சம் அயோக்கியத்தனமானது. என் மானக்கேட்டுக்கு நம் ஆசிரியர் கூட்டத்தில் அவர்தான் ஒரே சாட்சி. ஆனால் பாருங்கள், இப்போது நானே அதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஒரே பள்ளியில் இருந்தபோது, திருத்தணிக்கு வடக்கே ஒரு குக்கிராமத்தைக் கணக்கெடுக்க எங்களை அனுப்பினார்கள். மேற்கே குன்று, கிழக்கே ஏரி, தெற்கே கரும்பு. வடக்கே நாலு எட்டு வைத்தால் கைபேசி ஆந்திராவுக்கு வரவேற்கும். மொத்தம் பதினாறு வீடு. தண்ணீர்த் தொட்டி அங்கே வருமா, பக்கத்து ஊருக்குப் போகுமா என்பது இந்தக் கணக்கில்தான் இருந்தது. பெண்கள் ஏரியைச் சுற்றிக் குடம் சுமந்த காலம்.

கால்வலிக்காரரான டீச்சர் ஏரிக்கரையில் உட்கார்ந்து வரைபடம் போட, நான் வீடு வீடாகப் போனேன். பெரியவர்கள் நடவுக்கும் தறிக்கும் போயிருந்தார்கள். குடும்பத் தலைவர் யாரென்று பிள்ளைகளைக் கேட்டேன். "நைனா!" எனக்கு ராமநாதபுரம் பக்கம், அங்கே அது ஆளின் பெயர். அடுத்த வீட்டிலும் நைனா. ராசியான பெயர் போலும் என்று பதினாறு முறை எழுதினேன்.

டீச்சர் படித்தார். "இன்னா சார் இது? ஒரே ஆளு பதினாறு வூட்ல குடும்பம் நடத்துறானா?"

"பிள்ளைங்கதான் சொன்னாங்க டீச்சர்."

"ஐயோ சார், இந்தப் பக்கம் நைனான்னா அப்பா!" சிரித்து மூச்சிரைத்தவர் சட்டென்று நிறுத்தினார். "இப்படியே குடுத்தா ஒரே பேருன்னு பதினஞ்ச அடிச்சிடுவாங்க. ஒத்த வூட்டுக்கு எவன் தொட்டி கட்டுவான்? எழுந்திருங்க."

ஆட்கள் திரும்பும்வரை காத்திருந்து, அந்தக் காலோடு எல்லா வாசலும் ஏறினார். அதற்குள் விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. "உங்க பேரு இன்னா நைனா?" என்று கேட்ட டீச்சரிடம் ஒரு தறிக்காரர், "ஆங், அதான் நீங்களே சொல்லிட்டீங்களேம்மா!" என்றார்.

மறுநாள் அதிகாரி, ஏன் இத்தனை அடித்தல் திருத்தல் என்றார். "ஏரிக்கரைக் காத்து சார்," என்றார் டீச்சர், என் பக்கம் திரும்பாமலே.

தொட்டி வந்தது. இப்போது டீச்சரின் அடக்கம் முடிந்து அந்த வழியாகத்தான் திரும்பினேன். குழாயடியில் இரண்டு பெண்கள் யார் குடம் முதலில் என்று மும்முரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்கவே சுகமாக இருந்தது.

கணக்கெடுத்த அன்று பேருந்தை விட்டுவிட்டு நடந்து வரும்போது டீச்சர் சொன்னார்: "பேரு கேட்டா மட்டும் போதாது சார். கூப்பிடுற பேரா, வெச்ச பேரான்னு கேக்கணும்." அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்வியைத்தான். புதிதாக யாரைப் பார்த்தாலும் கேட்கிறேன். சிலர் முறைக்கிறார்கள். பலர் உட்காரச் சொல்லிவிட்டு, பதிலை ஒரு கதையோடு ஆரம்பிக்கிறார்கள்.