சிவப்புக் கோட்டுக்குக் கீழே

திருகோணமலைத் துறைமுகக் களஞ்சியங்களுக்குப் பொறுப்பான ஓர் அலுவலகத்தில் நான் தட்டெழுத்தாளராகச் சேர்ந்த முதல் வருடம் அது. மகனுக்கு எட்டு மாதம். கணவருக்கு மூதூரில் வேலை. சனிக்கிழமைதான் லோஞ்சுப் படகில் வருவார். பிள்ளையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுப் பாலையூற்றில் பஸ் ஏறுவேன். பால் குடித்திருப்பானா, குசினிக் கதவைப் பூட்டினேனா என்று யோசித்தபடியே அலுவலகப் படி ஏறுவேன்.

எட்டேகாலுக்கு வரவு இடாப்பில் சிவப்புக் கோடு கீறப்படும். அதற்குப் பிறகு வருபவர்கள் கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைக்க வேண்டும். ஒரே மாதத்தில் மூன்று முறை கீழே வைத்தால் பெயர் அதிகாரிக்குப் போகும். இந்தக் கதை நடந்த மாத முடிவில்தான் என்னை நிரந்தரமாக்குவதா இல்லையா என்று அதிகாரி எழுதவிருந்தார்.

எங்கள் பிரதம லிகிதர் நல்ல மனிதர். எட்டேகாலானதும் யன்னலால் எட்டிப் பார்ப்பார். பஸ் வரவில்லையென்றால் சிவப்புப் பேனையைத் தேடத் தொடங்குவார். எங்கள் செருப்புச் சத்தம் படியில் கேட்கும்வரை அந்தப் பேனை அகப்படாது.

அப்போதுதான் புதிய இளைய லிகிதன் வந்து சேர்ந்தான். ‘அவர்’ என்று எழுதத்தான் பார்த்தேன், முடியவில்லை. திருகோணமலை வெயிலில் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வருவான். அதிகாரி பகிடி விட்டால், அவர் சொல்லி முடிப்பதற்கு முன்பே சிரித்துவிடுவான். யார் எப்போது ஓய்வுபெறுவார் என்பது அவனுக்கு மனப்பாடம். ஒற்றுத்தாளில் தன் கையெழுத்துக்குக் கீழே தனக்கு இன்னும் கிடைக்காத பதவிகளை எழுதிப் பார்ப்பான்.

வந்து இரண்டாவது கிழமை பிரதம லிகிதரிடம் போய், "ஐயா, உங்களுக்கு ஏன் இந்தக் கரைச்சல்? கோட்டை நான் கீறுறன்," என்றான். அவரும் பாவம், விட்டுக்கொடுத்துவிட்டார். மறுநாளிலிருந்து அவன் மணிக்கூட்டைப் பார்த்து, அடிமட்டம் வைத்துக் கீறினான். பஸ் வளைவில் திரும்புவது அவன் கண்ணுக்குத் தெரியும். இருந்தும் கீறுவான்.

பத்து நாளுக்குள் நான் இரண்டு முறை கோட்டுக்குக் கீழே போனேன்.

"தம்பி, பஸ் பிந்தினதுக்கு நான் என்ன செய்யிறது?" என்று கேட்டேன்.

"முந்தின பஸ்ஸிலை வாங்கோவன் அக்கா."

முந்தின பஸ் ஆறேகாலுக்கு. அந்த நேரம் மகன் என் நெஞ்சில் கிடப்பான். அதை அவனிடம் எப்படிச் சொல்வது? போய்த் தட்டச்சுக்கு முன்னால் இருந்தேன்.

கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் சித்திரத்துக்கு நான் பரிசு வாங்கியவள். அன்று மதியம் பழுதான தாளொன்றின் பின்பக்கத்தில் நாலு கட்டம் போட்டு ஒரு சித்திரக்கதை கீறினேன். முதல் கட்டத்தில், விடியாத துறைமுகத்தில் தன்னைவிட உயரமான அடிமட்டத்தோடு கழுத்துப்பட்டிக்காரன் நிற்கிறான். இரண்டாவதில் பஸ் தூரத்தில் வருகிறது, அவன் கோடு கீறுகிறான். மூன்றாவதில், எங்கள் அலுவலக முற்றத்தில் மேயும் புள்ளிமான் பிந்தி வருகிறது. அதையும் கோட்டுக்குக் கீழே குளம்பு பதிக்க வைக்கிறான். கடைசிக் கட்டத்தில் வருவது அதிகாரி. அவரும் கீழே கையெழுத்து வைக்க, இவன் விறைப்பாக நிற்கிறான். அவரைக் கீறும்போது கை கூசியது. இருந்தாலும் அந்த மடையனின் மடத்தனம் எவ்வளவு தூரம் போகும் என்று காட்ட அந்தக் கட்டம் எனக்குத் தேவைப்பட்டது. எல்லாரும் போனபின் அதைத் தேத்தண்ணி அறை அறிவித்தல் பலகையில் குத்திவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

மறுநாள் அறை முழுக்கச் சிரிப்பு. அவனும் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நாலு கட்டத்தையும் ஆறுதலாகப் பார்த்தான்.

"உம்மைப்போலதான் கிடக்கு," என்றார் பிரதம லிகிதர்.

"ஓம் ஐயா, நான்தான். ஆரோ விளங்கின ஆள் கீறியிருக்கு. சட்டம் எண்டால் எல்லாருக்கும் சட்டந்தானே? சேருக்கும்தான்."

பின்னால் நின்றவர்கள் கை தட்டினார்கள். அது பரிகாசம் என்பது அந்த மானுக்கே விளங்கியிருக்கும். அவன் படத்தைக் கழற்றித் தன் கோப்புக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டான்.

அடுத்த திங்கட்கிழமை மகனுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரி வரிசையில் நின்று, பாணி மருந்து வாங்கி, ஒரு கரண்டி பருக்கி, அழ அழ அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். வேலையை நினைத்துப் பிள்ளையை விட்டுவந்தது சரியா? பிள்ளையை நினைத்து வேலையை விடப்போவது சரியா? பஸ் முழுக்க இதுதான். அலுவலகத்துக்குள் கால் வைக்கும்போது ஒன்பதேகால். மூன்றாவது முறை. எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

உள்ளே எல்லாரும் இடாப்பைச் சுற்றி நின்றார்கள். இடாப்பு மேசையில் விரித்தபடி கிடந்தது. சிவப்புக் கோடு, அதற்குக் கீழே இரண்டு வரிசையை அடைத்துக்கொண்டு அதிகாரியின் கையெழுத்து. வழமைபோல ஒன்பது மணிக்கு வந்தவரை வாசலிலேயே மறித்து, இடாப்பை நீட்டி, "சேர், கோட்டுக்குக் கீழை வையுங்கோ," என்றிருக்கிறான். அவரும் அவனுடைய பேனையை வாங்கி வைத்துவிட்டுப் போனாராம்.

"பிள்ளை, யோசியாதேங்கோ," என்றார் பிரதம லிகிதர். "வடிவா அவருக்குக் கீழை வையுங்கோ."

வைத்தேன்.

மாத முடிவில், கோட்டுக்குக் கீழே வந்தவர்களின் பட்டியலை அவன் என்னிடமே தட்டச்சுக்குக் கொண்டுவந்தான். முதலில் அதிகாரியின் பெயர், இரண்டாவது என்னுடையது. நான் அதைப் பிரதம லிகிதரிடம் கொண்டுபோய், "தட்டவோ ஐயா?" என்று கேட்டேன். அவர் அதை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த தன் மேசைக் காலுக்குக் கீழே வைத்தார்.

அடுத்த நாள் அதிகாரி தட்டச்சுக்கு இரண்டு கடிதங்கள் தந்தார். ஒன்று என்னை நிரந்தரமாக்கும் கடிதம். மற்றது, இவனுடைய அபாரமான கடமையுணர்ச்சியைப் பாராட்டி, கொழும்புத் தலைமை அலுவலகத்தில் உயர்ந்த இடமொன்றுக்குச் சிபாரிசு செய்யும் கடிதம். அவனைத் தொலைக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லைப் போலும். இப்படித்தான் இவர்கள் மேலே போகிறார்கள். ஓர் எழுத்தும் பிழையில்லாமல் இரண்டையும் தட்டிக் கொடுத்தேன்.

புறப்படும் நாளில் அவன் என் மேசைக்கு வந்தான்.

"அக்கா, அந்தப் படம் கீறினது ஆரெண்டு தெரியுமோ? ஒரு நன்றி சொல்லவேணும்."

"தெரியாது தம்பி," என்றேன்.

இந்தப் பொய்யைச் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வதா என்று இரண்டு ஞாயிறு யோசித்தேன். சொல்லவில்லை. திங்கட்கிழமை எட்டேகாலுக்கு நான் வந்த பஸ் இன்னும் வளைவில்தான் நின்றது. நான் படியேறி உள்ளே போனபோது, பிரதம லிகிதர் மேசை லாச்சிக்குள் தலையை விட்டுச் சிவப்புப் பேனையைத் தேடிக்கொண்டிருந்தார்.