கை காட்டும் வேலை

இங்கிலாந்து போய் வந்தவள் என்று தெரிந்தால் எல்லோரும் லண்டனைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பாலம் பார்த்தாயா, அரண்மனை பார்த்தாயா, ஆற்றங்கரையில் அந்தப் பெரிய ராட்டினத்தில் ஏறினாயா? ஏறினேன், இறங்கி வாந்தி எடுத்தேன், அவ்வளவுதான் ஞாபகம். ஒன்பது வயதில் நான் பார்த்த இங்கிலாந்து என்பது ஷ்ராப்ஷயரில் ஒரு கிராமத்துப் பஸ் நிறுத்தம். மேலே மரக்கூரை, உட்கார ஒரு பலகை, எதிரே செடிவேலி, வேலிக்கு அப்பால் ஆடுகள். அந்த நிறுத்தத்தில் நடந்ததற்காக நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

அப்போது நாங்கள் தில்லியில் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அம்மாவைப் பெற்ற தாத்தா. அப்பாவை ஆபீசில் ஒரு பயிற்சிக்காக லண்டன் அனுப்பினார்கள். எங்களையும் கூட்டிப்போகிறேன் என்று அவர் சொன்ன அன்று வீடே அமர்க்களப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அம்மா உடனே, "அப்படியே தங்கச்சியையும் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாங்க" என்றாள். டிவி பார்த்துக்கொண்டிருந்த தாத்தா சத்தத்தைக் கூட்டி வைத்தார். செய்தி வாசித்த பெண் எங்கள் எல்லோரையும் திட்டுவதுபோல் இருந்தது.

சித்தி எங்களோடு இருந்துவிட்டு மேல்படிப்புக்காக இங்கிலாந்து போனவள். போன இடத்தில் ஒரு வெள்ளைக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஆடு மாடுகளுக்கு வைத்தியம் பார்ப்பவர். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவள் பேச்சே கிடையாது. அம்மா மட்டும் எப்போதாவது குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே போனில் பேசுவாள். வெளியே வரும்போது கண் சிவந்திருக்கும், தலை நனைந்திருக்காது. சோப்பு கண்ணில் பட்டுவிட்டது போல என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த தாத்தா, தோசை சாப்பிடும்போது திடீரென்று வாயைத் திறந்தார்.

"பாத்துட்டு வா. வேணாங்கல. ஆனா அந்த ஆள் வாசப்படிய மிதிக்கக் கூடாது. அந்த ஆள் கார்லயும் ஏறக் கூடாது. சத்தியம் பண்ணிட்டுப் போ."

அம்மா தோசைக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். வாசலில் நின்றால் தப்பில்லை, படியை மிதித்தால் தப்பு என்றால் அந்தப் படியில் அப்படி என்னதான் இருக்கும் என்று நான் ரொம்ப நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன்.

எங்கள் அப்பாவுக்கு எதற்கும் ஒத்திகை வேண்டும். தில்லியில் பஸ் பிடிப்பது என்றால் தெரியாதா, நடுரோட்டில் இறங்கி, கையை வீசி, பின்னாலேயே ஓடி, தொற்றிக்கொண்டு ஏற வேண்டும். "அங்க இந்த வேலையெல்லாம் வெச்சுக்கக் கூடாது" என்றார் அப்பா. "வரிசையில நிக்கணும். கை கிய் நீட்டினா அசிங்கம். பஸ் தானா வந்து நிக்கும்." ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களைக் கிட்வாய் நகர் நிறுத்தத்துக்குக் கூட்டிப்போய் ஒருவர் பின் ஒருவராக நிறுத்திவிட்டார். முதலில் அப்பா, பிறகு அம்மா, கடைசியில் நான். மூன்று பஸ் எங்களைக் கண்டுகொள்ளாமல் போயிற்று. ஒரு ஆட்டோக்காரர் வண்டியை ஓரங்கட்டி, "க்யா ஹுவா பாய்சாப், தபியத் டீக் ஹை?" என்று கவலையோடு விசாரித்தார். உடம்புக்கு ஒன்றும் இல்லை, நாங்கள் இங்கிலாந்து போகிறோம் என்று நான் இந்தியில் விளக்கினேன். அவர் அப்பாவைப் பாவமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

லண்டனில் பயிற்சி முடிந்ததும் ரயிலேறி ஷ்ராப்ஷயர் போனோம். சித்தி வீட்டில் தங்க முடியாதே, அதனால் ரயில் நிற்கும் சின்ன ஊரில் ஒரு விடுதியில் அறை எடுத்தோம். அங்கிருந்து சித்தியின் கிராமத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பஸ். சாயங்காலத்தோடு அதுவும் கிடையாது. கார் அனுப்புகிறேன் என்று சித்தி போனில் கெஞ்சினாள். "வேணாம்டி, நாங்க பஸ்லயே வந்துடறோம்" என்று அம்மா பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள்.

முதல் நாள் காலை விடுதிக்கு அருகில் இருந்த நிறுத்தத்தில், ஒத்திகையில் நின்ற அதே வரிசையில் நின்றோம். அப்பா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். சொன்ன நேரத்துக்கு டாணென்று பஸ் வந்தது. வந்த வேகத்திலேயே போயும்விட்டது. அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நாயைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு வயதான அம்மாள், கையை நீட்டினால்தான் இங்கே நிறுத்துவார்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள்.

"நம்ம ஊர்ல பண்றதத்தானே இவங்களும் பண்றாங்க!" என்று அம்மா சிரித்தாள். தில்லியிலிருந்து கிளம்பிய பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அப்பா சிரிக்கவில்லை. அவர் கை நீட்டமாட்டாராம், மானம் போய்விடுமாம். "இனிமே கை காட்டறது உன் வேலை" என்று பொறுப்பை என் தலையில் கட்டினார். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. அடுத்த பஸ்ஸை நான்தான் நிறுத்தினேன். அத்தனை பெரிய வண்டி என் ஒரு கைக்குப் பணிந்து நின்றது.

கிராமத்தில் சித்தி நிறுத்தத்திலேயே காத்திருந்தாள். அக்காவும் தங்கையும் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். "இளைச்சுட்டியே" என்றாள் அம்மா. "நீயும்தான்க்கா" என்றாள் சித்தி. எனக்கு இரண்டு பேருமே குண்டாகத்தான் தெரிந்தார்கள்.

நாங்கள் போன நாட்களெல்லாம் ஒரே மாதிரிதான் கழிந்தன. சர்ச் வளாகத்தில் கல்லறைகளுக்கு நடுவே ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்து சித்தி கொண்டுவந்த எலுமிச்சஞ்சாதத்தைச் சாப்பிடுவோம். சித்தி வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். நீலக் கதவு, புகைபோக்கி எல்லாம் தெரியும். அம்மா தினமும் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தாள். புளி கிடைக்கிறதா, துணி காய்கிறதா என்று கேட்பாள். சித்தி பதில் சொல்வாள். அத்தோடு பேச்சு நின்றுவிடும். இதைக் கேட்கவா இத்தனை தூரம் வந்தோம்?

சாப்பிட்டதும் நடக்கப் போவோம். அந்த ஊரில் பாதை என்பது யாரோ ஒருவருடைய வயலுக்குள் நேராகப் போகிறது. ஒரு பச்சைப் பலகை வயலைப் பார்த்துக் கை காட்டும், நாம் மரப்படியேறி வேலியைத் தாண்டிக்கொள்ள வேண்டும். அப்பாவுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. "அடுத்தவன் நிலத்துல பர்மிஷன் இல்லாம எப்படிப் போறது?" என்று ஒவ்வொரு வேலியிலும் நின்றுவிடுவார். "எல்லாரும் போலாம் அத்தான், கேட்டை மட்டும் மறுபடி சாத்திடணும், அவ்ளோதான்" என்பாள் சித்தி. முன்பின் தெரியாதவர் வயலுக்குள் போகலாம், சொந்தச் சித்தி வீட்டுக்குள் போகக் கூடாது. எனக்குத் தலை சுற்றியது.

ஒருநாள் தூரத்து வயலில் ஆடுகளுக்கு நடுவே உயரமான ஒருவர் நின்று எங்களைப் பார்த்துக் கையசைத்தார். கிட்டே வரவில்லை. சித்தி மட்டும் கையசைத்தாள்.

"அவரை நான் என்னன்னு கூப்பிடணும்?" என்று கேட்டேன். அம்மா என் ஷூ நாடாவைக் குனிந்து கட்டத் தொடங்கினாள். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

கடைசி நாள் வானம் மூட்டம் போட்டிருந்தது. சாயங்கால ரயிலில் லண்டன், மறுநாள் தில்லி. கிராமத்திலிருந்து கிளம்பும் கடைசி பஸ்ஸை விட்டால் ரயிலையும் விட்ட மாதிரிதான் என்று அப்பா காலையிலிருந்து ஜபம்போல் சொல்லிக்கொண்டிருந்தார். நிறுத்தத்தில் அவர் உள்ளே தள்ளி உட்கார்ந்து, ஷூவில் ஒட்டியிருந்த ஆட்டுப் புழுக்கையைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் சாலை ஓரத்தில் தயாராக நின்றேன். அம்மாவும் சித்தியும் என் பின்னால் நின்றார்கள்.

"அப்பா எப்படி இருக்காருக்கா?" என்று சித்தி கேட்டது காதில் விழுந்தது. வந்த நாளாக அவள் அதைக் கேட்கவே இல்லை.

"உன் ரூமை இன்னும் யாருக்கும் குடுக்கலடி. தினம் அவரே கூட்டுறார்" என்றாள் அம்மா.

சித்தி உடைந்துபோய் அழுதாள். அந்த நேரம் பார்த்து வளைவில் பஸ் தெரிந்தது. நான் கையைத் தூக்கினேன். தூக்கிய கையை அம்மா பின்னாலிருந்து பிடித்துக் கீழே இறக்கினாள். வலிக்கும்படி இறுக்கிப் பிடித்தாள். "அம்மா, பஸ்! பஸ்மா!" என்றேன். ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து எங்களைப் பார்த்தார். அம்மா அவருக்கு வேண்டாம் என்று தலையசைத்தாள். பஸ் போய்விட்டது. அந்த ஊரிலேயே இருக்கும் சித்தியும் கை நீட்டவில்லை.

அப்பா குச்சியோடு வெளியே பாய்ந்தார். வரிசை, மானம், மரியாதை எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு, "ரோக்கோ! அரே பய்யா, ரோக்கோ!" என்று நிறுத்தச் சொல்லி இந்தியில் கத்திக்கொண்டே வளைவு வரை ஓடினார். வேலிக்கு அப்பால் ஆடுகளும் கொஞ்ச தூரம் கூட ஓடின. திரும்பி வந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பிடித்துக்கொண்டார். "ஒரே ஒரு வேலை குடுத்தேன், ஒரே ஒரு வேலை! தூங்கிட்டியா?"

நான் அம்மாவைப் பார்த்தேன்.

"மறந்துட்டா, விடுங்க. குழந்தைதானே" என்றாள் அம்மா.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பெற்ற தாய் இப்படிப் பொய் சொல்வாளா? அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. "வீட்டுக்கு வாக்கா" என்றாள் சித்தி. "வேற வழி?" என்றாள் அம்மா. வேறு வழியில்லாமல் போகிறவள் அத்தனை வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

நீலக் கதவை அந்த உயரமானவரே திறந்தார். கையெல்லாம் மாவு, ஏதோ செய்துகொண்டிருந்தார் போல. சித்தி சொல்லிக்கொடுத்திருப்பாள், மாவுக் கையோடு கும்பிட்டு, "வாங்க" என்றார். அம்மா வாசற்படியில் ஒரு கணம் நின்றாள். பிறகு வலதுகாலை எடுத்து உள்ளே வைத்தாள். நானும் அந்தப் படியை நன்றாகப் பார்த்தேன். சாதாரணக் கல்.

"சித்தப்பாவுக்கு வணக்கம் சொல்லு" என்றாள் அம்மா.

யார் சித்தப்பா என்று நான் அறையைச் சுற்றிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்து சித்தப்பா என்று ஒருவரும் இல்லை. அம்மாவும் சித்தியும் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். குழாய்ச் சத்தம் கேட்கவில்லை, இரண்டு பேரும் அழுவதும் சிரிப்பதும்தான் கேட்டது. பிறகு அவர் தன் காரில் எங்களை ஸ்டேஷனில் கொண்டுவிட்டு ரயிலைப் பிடிக்க வைத்தார். அம்மாதான் அவரோடு முன் ஸீட்டில் உட்கார்ந்தாள்.

தில்லி வந்து சேர்ந்ததும் தாத்தா பெட்டியைக்கூட இறக்கவிடவில்லை. "படியேறினியா?" என்றார்.

"பஸ் போயிடுச்சுப்பா. நல்ல மழை. ரயிலுக்கு அவர் கார்தான் கெடச்சுது" என்றாள் அம்மா, அவர் முகத்தைப் பார்க்காமல். "இவ கை காட்ட மறந்துட்டா."

தாத்தா என்னை வெகுநேரம் பார்த்தார். அடி விழப்போகிறது என்று நான் அப்பாவின் பின்னால் ஒதுங்கினேன். அவர் பெட்டியை இறக்க வழிவிட்டார். ராத்திரி சாப்பாட்டில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, "வீடு பெருசா? குளிருக்கு அடக்கமா இருக்கா? அவ காப்பி போட்டாளா?" என்று ஒன்றொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில், "நெசமாவே மறந்துட்டியா?" என்றார்.

மறக்கவில்லை, அம்மாதான் என் கையைப் பிடித்துக்கொண்டாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா ரசக் கரண்டியோடு அப்படியே நின்றாள். அதற்குள் தாத்தா, "போகட்டும், நீ ஒண்ணும் சொல்லாத" என்று அவசரமாகத் தன் அப்பளத்தை எடுத்து என் தட்டில் வைத்தார். அப்பளத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காத மனிதர். செய்யாத தப்புக்கு ஓர் ஊரில் திட்டும் இன்னோர் ஊரில் அப்பளமும் ஏன் கிடைக்கிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.