கறுப்பு வெள்ளிக்குப் பெயர் வைத்தவர் யார்?

வெரோனிகா ஸ்டான்சாக்குக்கு எதையும் கேட்காமல் இருக்க முடியாது. பிலடெல்பியாவின் மார்க்கெட் தெருவில், ஒரு பெரிய கடையின் கையுறைப் பிரிவில் அவளுக்கு வேலை. வாங்க வருகிறவர்களிடம்கூட, "ஏங்க, உங்களுக்கு இடது கை மட்டும் பெருசா இருக்கே, எதனால?" என்று கேட்டுவிடுவாள்.

1961ஆம் வருடம், நவம்பரின் நான்காம் வியாழனன்று வரும் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு மூன்று நாள் முன்பு மேலாளர் ஹாலோவெல் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"விருந்துக்கு மறுநாள்தான் நம்ம கிறிஸ்துமஸ் வியாபாரம் தொடங்குது. அதை இனி யாரும் கறுப்பு வெள்ளின்னு சொல்லக் கூடாது. ஏதோ எழவு விழுந்த மாதிரி இருக்கு. மகா வெள்ளின்னு சொல்லுங்க."

"அந்தப் பேரை யார் சார் வச்சது?"

"யார் வச்சா உனக்கென்ன? போய் வேலையைப் பாரு."

ஐந்து வருடமாக வெரோனிகாவும் கறுப்பு வெள்ளி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லாதே என்ற பிறகுதான் மண்டைக்குள் குடைச்சல் ஆரம்பித்தது.

மதிய இடைவேளையில் தெருமுனைப் போக்குவரத்துக் காவலர் கேவிகனைப் பிடித்தாள். ஐம்பது வயது, சிரித்தால் தொப்பி ஆடும்.

"எங்களுக்கு எழவுதாம்மா அது. அன்னைக்கு லீவு கிடையாது. பன்னண்டு மணி நேரம் நிக்கணும். விருந்துல தின்ன வான்கோழி செரிக்கிறதுக்குள்ள ஊர்க் காரெல்லாம் என் கால்மேல ஏற வருது. பல வருஷம் மறுநாளே ராணுவத்துக்கும் கடற்படைக்கும் ஃபுட்பால் மேட்ச்; அந்தக் கூட்டம் வேற. பின்ன, வெள்ளை வெள்ளின்னா சொல்லுவேன்?"

"அப்போ நீங்கதான் பேர் வச்சீங்களா?"

"நானா? பஸ் டிரைவருங்க சொல்லிக் கேட்டேன்."

மாலையில் வீட்டுக்குப் போகும் பேருந்தில், ஓட்டுநர் லூதர் பெட்டிஃபோர்டிடம் கேட்டாள். "நல்லாருக்கே கதை! போலீஸ்காரங்க வச்ச பேரும்மா அது. பழி எங்க மேலயா?" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே தூறல். மதியம் எதிர்ச்சாரியில் பிரெட்சல் ரொட்டி வாங்கிவர வெரோனிகா இறங்கினாள். இரண்டு நிமிட வேலை. ஆனால் தெருவில் கால் வைக்க இடமில்லை. பொட்டலங்களைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஜனம் கார்களுக்கு நடுவே நுழைந்து போனது. நாற்சந்தியின் நடுவில் ஒரு பேருந்து குறுக்கே நின்றது. உள்ளே லூதர், வெளியே, தொண்டை கட்டிய கேவிகன்.

"பின்னால எடுய்யா!"

"எங்க எடுக்கிறது? உங்க தலைமேலயா?"

அவ்வளவுதான், வெரோனிகாவுக்குப் பசி மறந்துபோயிற்று. இருவரும் ஒரே இடத்தில்! கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் நடுவில் நின்றாள். "ரெண்டு பேரும் இருக்கீங்க. இப்போ சொல்லுங்க, இந்த நாளுக்கு யார் பேர் வச்சது?"

இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள். பேருந்துக்குள் சிரிப்பு வெடித்தது. கேவிகனும் சிரித்துவிட்டார். பிறகு நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு முன்னால் நின்ற காரைத் தள்ளி, பேருந்துக்கு வழி பண்ணினார்.

ஐம்பது நிமிடம் தாமதமாக, நனைந்துபோய்க் கடைக்குள் வந்தவளை ஹாலோவெல் மறித்தார். "எங்க போன?"

"மகா வெள்ளியை வேடிக்கை பார்க்கப் போனேன் சார்."

அவர் முறைத்தார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "காலைல அந்த முனையைத் தாண்ட எனக்கு ஒரு மணி நேரம். கறுப்புதான், போ."

இருபத்தைந்து வருடம் ஓடியது. கேவிகன் காலமாகிவிட்டார். ஒருநாள் தொலைக்காட்சியில், கடைகளின் கணக்கு நஷ்டத்தின் சிவப்பு மையிலிருந்து லாபத்தின் கறுப்பு மைக்கு மாறும் நாள் என்பதால் அந்தப் பெயர் என்று ஒருவர் விளக்கினார். வெரோனிகா உடனே நிலையத்துக்குப் போன் போட்டாள்.

"மையும் இல்ல, மண்ணும் இல்லங்க. நான் அந்தத் தெருவுல நின்னவ."

"அப்போ யார்தாங்க வச்சது?" என்றாள் எதிர்முனைப் பெண்.

"கண்டுபிடிச்சுச் சொல்றேன்" என்று போனை வைத்தாள் வெரோனிகா. மறுநாளே நூலகத்துக்குப் போனாள். பிறகு செவ்வாய்தோறும் போனாள். ஏழாவது செவ்வாயன்று, 1951ஆம் வருடத்துத் தொழிற்சாலைப் பத்திரிகை ஒன்றில், விருந்துக்கு மறுநாள் உடம்பு சரியில்லை என்று மட்டம் போடும் தொழிலாளர்களைப் பற்றிய புலம்பலில் அதே பெயர் கிடைத்தது. பெயர் வைத்தது கேவிகனும் இல்லை, லூதரும் இல்லை. வாய்விட்டுச் சிரித்தவளைப் பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

பக்க எண்ணைக் குறித்துக்கொண்டு நூலகரிடம் போனாள்.

"இதுக்கு முந்தின வருஷத்துத் தொகுதி இருக்குங்களா?"