சிங்களத்தில் வந்த அழைப்பு

தொண்ணூறுகளின் தொடக்கம். லண்டன் பிளேஸ்டோவில் ஒரு வீட்டில் நாங்கள் நான்கு பேர் வாடகைக்கு இருந்தோம். மூவர் யாழ்ப்பாணம். மற்றவர் வவுனியாவுக்கு அப்பால், தமிழரும் சிங்களவரும் கலந்து வாழ்ந்த ஓர் எல்லைக் கிராமத்துக்காரர். எங்களைவிட மூத்தவர் என்பதால் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். அதிகம் பேசமாட்டார். அவருடைய தகப்பனை இலங்கை ஆமி சுட்டது என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணை ஷிப்டுக்குப் போயிருந்த நேரம் தொலைபேசி அடித்தது. எடுத்தேன். ஒரு பெண் சிங்களத்தில் படபடவென்று பேசினாள். நடுவில் அண்ணையின் பெயர் கேட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். மறுபடி அடித்தது. மறுபடியும் வைத்தேன். மற்ற இருவரிடமும் சொன்னேன். அண்ணை சிங்கள அரசின் உளவாளிதான் என்று மூவருமாக முடிவுகட்டினோம். அதன்பிறகு அவர் சமைக்கக் குசினிக்குள் வந்தாலே பேச்சை நிறுத்திவிடுவோம். அவரிடம் அந்த அழைப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறும் அதே குரல். அன்று அண்ணை வீட்டில் நின்றார். என்னதான் பேசுகிறார் பார்ப்போம் என்று ரிசீவரை நீட்டினேன். அவரும் சிங்களத்திலேயே பேசினார். அதில் எனக்கு விளங்கியது ஒரேயொரு சொல், அம்மா. அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு சுவரோடு சரிந்து நிலத்தில் இருந்துவிட்டார்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வந்தது. தாய் சிங்களவர். பேசியது தங்கை. தமிழன் என்று தகப்பனைச் சுட்ட அதே ஊரில், சிங்களத்தி என்று தாயைத் தமிழரான எங்கள் பக்கத்து ஆட்கள் வெட்டியிருக்கிறார்கள். அநுராதபுரம் ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்து இறந்திருக்கிறார்.

"போன ஞாயிறும் இங்கை ரெலிபோன் எடுத்தவளாம். ஆரோ வைச்சிட்டினமாம். அம்மா அப்ப உயிரோடை இருந்தவ," என்றார் அண்ணை. "அவளுக்குத் தமிழ் நல்லாத் தெரியும். அங்கை, சிங்கள ஊரிலை நிண்டு தமிழிலை கதைக்கப் பயம்."

மற்ற இருவரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணையும் அதைக் கவனித்துவிட்டார்.

"உமக்கும் பயமாத்தானே இருந்திருக்கும், தம்பி," என்றார்.

"ஓம்," என்று தலையாட்டினேன்.

அன்று எனக்கு இருந்தது வெறும் வெறுப்பு என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தாயை இழந்த மனிதர் இரங்கித் தந்த பொய்க்குள் போய் ஒளிந்துகொண்ட அந்த 'ஓம்', தொலைபேசியை வைத்ததைவிட இன்றும் என்னைக் கூசவைக்கிறது.