அப்டேட்டை அமுக்கியது யார்?

என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப் லினக்ஸில் ஓடுவது. அன்று சாயந்திரம் ஐந்து மணிக்குள் அவள் காலேஜ் விண்ணப்பத்தை அனுப்பியாக வேண்டும். மத்தியானம் திறந்தால் வைஃபை இல்லை. செல்போனில் அந்தப் பக்கம் திறக்கவில்லை. பிரவுசிங் சென்டரும் பூட்டிக் கிடந்தது.

வைஃபை டிரைவரை ஏற்றும் இன்ஸ்டாலர் ஒன்று பென் டிரைவில் இருந்தது. ஓட்டினாள். 'கெர்னல் மாட்யூல் காணவில்லை, இணையத்திலிருந்து இறக்கவும்' என்று வந்தது.

"இணையம் வாரதுக்குத்தான ஒன்னைய ஓட்டுதேன், மூதேவி!" என்று இன்ஸ்டாலரை வைதாள்.

பிள்ளைகளே, கெர்னல் என்பது தறி மாதிரி. மாட்யூல் அதில் ஊடு நூலைக் கொண்டு குறுக்கே ஓடும் நாடா. நான் விசைத்தறி ஓட்டுகிறவன். ஒரு தறியில் சாமான் இல்லையென்றால் பக்கத்துத் தறியில் கழற்றி மாட்டுவோம். அடுத்த வீட்டு அண்ணாச்சியிடமும் அவர் பிள்ளைக்குப் பள்ளியில் கொடுத்த அதே லேப்டாப் உண்டு. பாதி எழுத்துச் சாவி கழன்றுபோனதால் விண்ணப்பம் அடிக்க உதவாது. மாட்யூல் எடுக்க உதவும். எடுத்துவந்து போட்டோம்; அண்ணாச்சியும் கூடவே வந்தார். கெர்னல் நம்பர் வேறு, பொருந்தாது என்று இன்ஸ்டாலர் துப்பிவிட்டது.

"ரெண்டும் ஒரே நாள்ல குடுத்தது. உம்ம மெசினுல மட்டும் கெர்னல் நம்பரு ஏம்வே கூட நிக்கி?" என்றார் அண்ணாச்சி.

"வெயிலுக்கு இருக்கும் அண்ணாச்சி."

"வெயிலுக்கு நம்பரு கூடுததுக்கு, அதென்ன காய்ச்சலா?"

எனக்குக் காரணம் தெரியும். முந்தின நாள், மகள் இல்லாத நேரத்தில், 'அப்டேட்' என்று ஒரு பெட்டி வந்தது. நல்லதுதானே என்று அமுக்கிவிட்டேன். சொன்னால் திட்டு விழும். அதனால்தான் வெயில்மேல் பழியைப் போட்டேன்.

மணி நாலரை. மகளுக்குக் கண்ணில் நீர் கோத்துவிட்டது.

"ஏட்டி மக்கா... நேத்து நாந்தான் அப்டேட்ட அமுக்கினேன்."

"அத மொதல்லயே சொல்லப்பிடாதாப்பா!"

லேப்டாப்பை அணைத்துத் திறந்து, முதலில் வந்த பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தாள். அப்டேட்டில் புதியது வந்தாலும் பழையது உள்ளேயே இருக்குமாம், தன் மாட்யூலோடு. வைஃபை வந்தது. ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் விண்ணப்பம் போனது.

"வாரும் வே, டீ குடிப்போம். நீரு இங்கன இருந்தா இன்னும் எதையாவது அமுக்குவீரு" என்று அண்ணாச்சி என்னை இழுத்துக்கொண்டு போனார்.

திரும்பி வருவதற்குள் மகள் பாஸ்வேர்டை மாற்றிவிட்டாள். இன்றுவரை அது எனக்குத் தெரியாது.