யாரும் குடியில்லாத ஸ்டோர்

கிள்ளானில் எங்கள் கடைவரிசைக்குப் பின்னால் ஒரு பழைய ரப்பர் ஸ்டோர். அதன் மாடியில் பல வருஷமாகக் குடியிருந்தவர் வீரம்மா. ரப்பர் தோட்டத்தை விற்று ஆட்களை வெளியே தள்ளியபோது, "காவலுக்கு இரு" என்று பெரிய முதலாளி கொடுத்த இடம். சம்பளம் இல்லை, வாடகை இல்லை, மேலே குழாயும் இல்லை. தினமும் வாளியோடு படியேறுவார். பெயின்ட் டின்னில் அவர் வளர்த்த கறிவேப்பிலையைக் கடைவரிசைப் பையன்கள் நாங்கள் உருவி அவருக்கே விற்றிருக்கிறோம். தெரிந்தேதான் வாங்குவார்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் பெரிய முதலாளி போய்ச் சேர, ஸ்டோர் அவர் மகன் ஜெயராஜ் கைக்கு வந்தது. சும்மா கிடக்கும் கட்டடத்தை வீடுகளாக்கினால் வரி குறையும் என்று ஒரு சலுகையும் வந்தது. ஆனால் உள்ளே ஆள் குடியிருந்தால் கிடைக்காது.

"அக்கா, ஆபிசர் வராரு. இங்க யாரும் இல்லன்னு சொல்லிடுங்க. வீடு கட்டினதும் கீழ் ரூம் உங்களுக்குத்தான்."

"குழா இருக்குமா தம்பி?"

"உள்ளுக்கே இருக்கும்லா!"

அந்தக் குழாய் ஆசையில் விழுந்துவிட்டார். பாய், அடுப்பு, சாமி படம் எல்லாம் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கடியில் போயின. செடியை மட்டும் நகர்த்த விடவில்லை.

ஆபிசர் வந்தபோது கூட்டுகிற ஆள்போல விளக்குமாற்றோடு நின்றார்.

"செடி பச்சையா இருக்கே, யாரும்மா தண்ணி ஊத்துறது?"

வீரம்மா கூரை ஓட்டையைக் காட்டினார். "மழதான் சார்."

"இங்க யாரும் இல்லையா?"

"இந்த எலிப் பொந்துல யாரு சார் இருப்பா?"

நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். ஜெயராஜ் எல்லாருக்கும் சிரப் ஊற்றிய ஐஸ் காச்சாங் வாங்கிக் கொடுத்தார்.

வேலை நடந்த மாதங்களில் வீரம்மா கோயில் மண்டபத்தில் படுத்தார். முடிந்ததும் பால் காய்ச்சச் சட்டியோடு வந்தார். கீழ் அறையில் யாரோ ஒரு பேங்க்காரர் ஃபேன் மாட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, எனக்குன்னு சொன்னீங்களே?"

"இங்க யாரும் இருந்ததில்லன்னு நீங்கதானேக்கா ஆபிசர்கிட்ட சொன்னீங்க? இல்லாத ஆளுக்கு எப்படி ரூம் கொடுக்கிறது?"

வீரம்மா சட்டியை முந்தானையால் மூடிக்கொண்டார்.

டெங்கிலில் மகள் வீட்டு அடுப்படியில் படுக்க இடமிருந்தது. பஸ் வரை டின்னை நான்தான் தூக்கினேன். கண்டக்டர் ஏற்ற மாட்டேன் என்றான்.

"நீயே வச்சுக்கடா. இனிமே திருட வேணாம்."

செடி எங்கள் பின்வாசலில் இருக்கிறது. ரசத்துக்கு அம்மா ஓர் இலை கேட்டாலும், பாசாருக்குப் போய் வாங்கி வந்து கொடுக்கிறேன்.